ஒரு பக்கம் தேய்ந்த பிஸ்டன்

மார்ச் 4

தம்பிக்கு,

வாரம் தவறாமல் ஃபில்டர் கழுவி, அளந்து எண்ணெய் கலந்து என் மகள் ஓட்டிய, நீ உன் கையால் கட்டிக் கொடுத்த எஞ்சின், மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது ஏன் திடீரென்று இறுகிப் பூட்டிக்கொண்டது? எனக்குத் தெரியவில்லை. பம்ப் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில், உலோகம் ஏன் உடைந்தது என்று சொல்வதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இருந்தும் தெரியவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

போனில் கேட்டிருக்கலாம். போன முறை நீ பாதியில் வைத்துவிட்டாய். அதனால் கடிதம், பார்சலோடு.

உன் மருமகளுக்கு வலது மணிக்கட்டு உடைந்திருக்கிறது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். கண்ணாடிக் கடையில் இடது கையால் பில் போடுகிறாள். "விழுந்தது ஒண்ணும் இல்லம்மா, வண்டி மேல விழுந்துச்சு, அதான்" என்று ஆறுதல் சொன்னாள். கேட்காமல் கொள்ளாமல் ஒரு பந்தய மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போனவன் நீ. அதற்காக நான் இன்னும் உன்னோடு சரியாகப் பேசவில்லை. இப்போது பேச வேண்டியிருக்கிறது.

தெருமுனை மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்து, என் கண் முன்னால் ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றச் சொன்னேன். பிஸ்டனின் அடிப்பகுதி, நீங்கள் பாவாடை என்று சொல்வீர்களே, அதில் பின்பக்கத்துத் துண்டு உடைந்து தனியாக வந்தது. மீதி இருந்த இடத்தை மைக்ரோமீட்டரில் அளந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடுகிற வண்டியின் பிஸ்டன் இவ்வளவு தேய்ந்திருக்க வழியே இல்லை. இது பல காலம் ஓடிய பிஸ்டன்.

ஆகவே கேட்கிறேன். மழைக்காலத்துக்கு முன் நீ மாற்றிப் போட்டது புதிய பிஸ்டன்தானா? புதுப் பெட்டியில் வந்ததெல்லாம் புதிது என்று நான் எடுத்துக்கொள்வதில்லை.

சிலிண்டரை மட்டும் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா


மார்ச் 11

அக்கா,

உன் லெட்டர் கிடைச்சுது. லெட்டரா அது, போலீஸ் சம்மன் மாதிரி இருந்துச்சு. கடையில ரெண்டு பேர் பார்த்துட்டு "என்னண்ணே, கோர்ட்டு கேஸா?"ன்னு கேட்டாங்க. ஆமா, எங்க அக்கா போட்டதுன்னு சொன்னேன்.

புது பிஸ்டன். சீல் நான்தான் பிரிச்சேன். ரிங், பின், மேல் பேரிங், கேஸ்கெட் எல்லாம் புதுசு. சொந்த மருமக வண்டியில பழைய பிஸ்டனைப் போடறவனா நான்? என்னைப் பத்தி நீ நல்லதா நினைச்சது எப்பவும் இல்ல, சரி, தொழிலைப் பத்தியாவது நினைச்சிருக்கலாம்.

சிலிண்டரைப் பார்த்தேன். உடைஞ்ச துண்டு உள்ளயே உருண்டு மேலயும் கீழயும் கீறி வெச்சிருக்கு. இதைப் பார்த்து எந்தக் கொம்பனும் காரணம் சொல்ல முடியாது. பிஸ்டன் வேணும். பிஸ்டனோட எந்தப் பக்கம் தேய்ஞ்சிருக்குன்னு பார்த்தாத்தான் தெரியும். சைலன்சர் பக்கம் வழிச்சு எடுத்த மாதிரி இருந்தா எண்ணெய் பத்தல. நாலு மூலையிலயும் இருந்தா சூடாகறதுக்கு முன்னாடி முறுக்கியிருக்கா. இதெல்லாம் உனக்கும் தெரியும். தெரிஞ்சும் சிலிண்டரை அனுப்பிட்டு பிஸ்டனை வெச்சுக்கிட்ட. ஏன்?

நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய் தனியாப் போறதில்ல, பெட்ரோல்ல கலந்தாத்தான் உண்டு. வெறும் பெட்ரோல் ஊத்தினா கொஞ்ச தூரத்துல பூட்டிக்கும். அன்னிக்குக் காலைல பெட்ரோல் கேனை எடுத்து வெச்சது நீதான்னு பாப்பா போன்ல சொன்னா. அவ சும்மாதான் சொன்னா. "அந்த வண்டி ஒரு நாள் தானாச் செத்தா எனக்கு நிம்மதி"ன்னு போன வருஷம் என்கிட்டயே சொன்னது யாரு?

நீ செஞ்சன்னு சொல்லல. பிஸ்டனை அனுப்புன்னு சொல்றேன்.

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை இன்னும் மோசமாக இருந்தது.

கேனை எடுத்து வைத்தேன். வண்டி செத்தால் நிம்மதி என்றும் சொன்னேன். வண்டியைத்தான் சொன்னேன். என் மகள் மேட்டில் இருக்கும்போது அது சாகட்டும் என்று ஏற்பாடு செய்கிறவள் நான் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றியதை எழுதியும் விட்டாய். உன்னைப் பற்றி நான் நினைத்ததையும் நான் எழுதினேன். கணக்கு நேர்.

இனி விஷயம். எண்ணெய் இருந்தது. பிஸ்டனின் சைலன்சர் பக்கத்தில், தொழிற்சாலையில் கடைந்த மெல்லிய கோடுகள்கூட அழியவில்லை. மேல் பேரிங்கில் நீல நிறம் ஏறவில்லை. விரலில் எண்ணெய் ஒட்டுகிறது. வெறும் பெட்ரோலில் ஓடிய எஞ்சின் இப்படி இருக்காது என்பது உனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்க வேண்டாம், தெரிந்துகொண்டால் போதும்.

தேய்ந்தது கார்ப்பரேட்டர் பக்கம். அந்தப் பக்கம் மட்டும். ரிங்குக்குக் கீழே பளபளப்பே இல்லாமல், பென்சிலால் தீட்டிய காகிதம் போலச் சாம்பல் நிறம். கோடுகள் ஒன்றும் மிச்சமில்லை. தேய்ந்து தேய்ந்து சிலிண்டருக்குள் பிஸ்டன் ஆடியிருக்கிறது, ஆடி ஆடிப் பாவாடை விரிசல் விட்டிருக்கிறது. மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். அலுமினியத்துக்குள் பதிந்திருப்பது மணல். மாவு மாதிரி நைந்த மணல்.

அதாவது காற்றோடு தூசி போயிருக்கிறது. ஃபில்டரை வாங்கிக் கொடுத்தது நீ. அது எந்த ஊர்ச் சரக்கு?

பிஸ்டனை இப்போதும் அனுப்பவில்லை. முதலில், நீ போன தடவை கழற்றிய பழைய பிஸ்டனை எனக்கு அனுப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அது வந்த அன்றே இதை அனுப்புகிறேன். கைதிகளை மாற்றிக்கொள்வது போல என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

அக்கா


மார்ச் 24

அக்கா,

சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரல.

எழுதக்கூடாததை எழுதிட்டேன். கையில ஸ்பேனர் இருந்தா யோசிப்பேன், பேனா இருந்தா யோசிக்க மாட்டேன் போல. விடு.

பழைய பிஸ்டன் எங்கேயும் போகல. என் மேஜை மேல கவுத்து வெச்சு பேனா ஸ்டாண்டா வெச்சிருந்தேன். பேனாவெல்லாம் எடுத்துட்டு இன்னிக்குத் துடைச்சுப் பார்த்தேன். நீ சொன்ன அதே சாம்பல், அதே கார்ப்பரேட்டர் பக்கம். இவ்வளவு மோசமில்ல, ஆனா ஆரம்பம். கழட்டின அன்னிக்கே பார்த்தேன், அப்ப நான் பாப்பாவைத்தான் திட்டினேன். "ஃபில்டர் கழுவறதில்லையாடி?"ன்னேன். "கழுவறேன் மாமா, சத்தியமா"ன்னா. நம்பல.

ஃபில்டர் நல்ல சரக்கு, நானே என் வண்டிக்கு அதான் போடறேன். நீ ஒண்ணு பண்ணு. அவ கழுவறாளா இல்லையான்னு உனக்குத்தான் தெரியும். ஃபில்டர் உக்கார்ற விளிம்புல கிரீஸ் தடவறாளா பாரு. கார்ப்பரேட்டருக்குப் போற ரப்பர் குழாய்க்குள்ள வெள்ளைத் துணியை விட்டுத் துடைச்சுப் பாரு. விளிம்புல ஒரே இடத்துல தடமா மண் இருந்தா சரியா உக்காரலன்னு அர்த்தம். தடம் இல்லாம எல்லா இடத்துலயும் மெல்லிசா இருந்தா வேற விஷயம்.

வேற விஷயம் என்னன்னு சொல்றேன். ஃபில்டர் நல்லா இருந்தும் தூசி உள்ள போகும், எப்பன்னா, அது தாங்கற அளவுக்கு மேல தின்னா. அதிகமா தூசி தின்றது யாரு? பின்னாடி வர்றவன். பாப்பா என்கிட்ட என்ன சொன்னா? போன போட்டில நாலாவது, அதுக்கு முன்னாடி அஞ்சாவது. நாலாவதா வர்றவளுக்கு முன்னாடி மூணே வண்டி. அக்கா, இது மூணு வண்டித் தூசி இல்ல. மொத்தக் கூட்டத்தோட தூசி.

ஒண்ணு, நம்மகிட்ட எதையோ மறைக்கிறா. இல்லன்னா வண்டியை வேற எவனோ ஓட்டறான். எதுன்னு தெரியாம நான் புது பிஸ்டன் அனுப்ப மாட்டேன். போட்டா அதுவும் இதே வழிதான் போகும். அடுத்த தடவை மணிக்கட்டோட போகும்னு யாரு கண்டா?

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

வெள்ளைத் துணியில் தடம் இல்லை. எல்லா இடத்திலும் மெல்லிய பழுப்பு. விளிம்பில் கிரீஸ் இருந்தது. ஞாயிறு மாலை தவறாமல் என் குளியலறைக் கொடியில் ஃபில்டர் பஞ்சு தொங்கியதையும், அந்த ஒட்டுகிற நீல எண்ணெய் நாற்றத்தையும் நான் மறக்கவில்லை. கழுவியிருக்கிறாள். அதில் பொய் இல்லை.

அப்படியானால் பொய் வேறெங்கோ இருக்கிறது. வேறு எவனோ என்று நீ எழுதிய வார்த்தை என் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்வாள், அந்தப் பதிலையும் நான் சோதிக்க வேண்டியிருக்கும். இதற்கிடையில் அவள், "கட்டுப் பிரிச்சதும் யார்கிட்டயாவது வண்டி வாங்கியாவது போவேன்" என்றாள். யாரோ கட்டிய எஞ்சினில். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் வேலை என்று சொல்லிவிட்டு, பஸ் பிடித்து அந்த மைதானத்துக்குப் போனேன். மைதானம் என்றால் மைதானம் இல்லை; கைவிடப்பட்ட கல்குவாரி, அதற்கு அப்பால் கரடும் புதரும். வண்டிகள் கிளம்பியபோது தூசி எழுந்து வெயிலே மங்கிப்போனது. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். அத்தனை கறுப்புக் கண்ணாடிகளுக்கு நடுவில் நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

கழுத்தில் விசில் மாட்டிய ஒருவர்தான் எல்லாவற்றையும் நடத்துகிறார். எல்லோரும் அவரை விசில் மாமா என்கிறார்கள். பக்கத்தில் ஒரு பையனிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு கடைசி வண்டி யாரு?"

"நான்தான் மாமா."

"நீயா? உனக்கே ஒரு ஆள் பின்னாடி வரணுமே! துடைப்பம் இல்லாம ஒரு மாசமா உயிர் போகுது எனக்கு."

நான் கிட்டே போய், உன் மருமகளின் வண்டி எண்ணைச் சொல்லி, போன போட்டியில் அவள் எத்தனாவதாக வந்தாள் என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணா? கடைசி."

"கடைசியா?"

"எப்பவும் கடைசிதாம்மா. போட்டியில சேர்றதையே விட்டுட்டாளே. எல்லாரும் போனப்புறம் கிளம்பும். விழுந்து கிடக்கறவன், வண்டி நின்னு போனவன், வழி தெரியாதவன், எல்லாரையும் பொறுக்கிக் கூட்டிட்டு வரும். அதான் துடைப்பம்னு பேர் வெச்சிருக்கு. நீங்க யாரு?"

"அவளுக்குத் தெரிஞ்சவங்க" என்றேன். ஒருவர் சொன்னதை நான் ஏற்பதில்லை என்பது உனக்குத் தெரியுமே. தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடமும் கேட்டேன். என் வயதிருக்கும், முழங்காலில் இரும்புப் பட்டை போட்டிருந்தாள்.

"துடைப்பமா? என் கால் வண்டிக்கு அடியில மாட்டி மூணு மணி நேரம் கிடந்தேன். யாரும் நிக்கல. நிக்க முடியாதுங்க, போட்டி. அது வந்துச்சு. வண்டியைத் தூக்கிட்டு, கொளுத்தற வெயில்ல எனக்கு நிழல் விழற மாதிரி நின்னுக்கிட்டு, ஆளுங்க வர்ற வரைக்கும் ஜோக் சொல்லிட்டிருந்துச்சு. ஒண்ணுகூட நல்ல ஜோக் இல்ல."

அது நம் வீட்டுப் பெண்தான், சந்தேகமில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன். நாலாவது, அஞ்சாவது. பொய்யிலும் எவ்வளவு அடக்கம்! முதலாவது என்று சொல்லியிருந்தால் நான் அன்றே சந்தேகப்பட்டிருப்பேன். ஏன் சொல்லவில்லை என்று யோசித்தேன். நீ ஜெயிப்பதற்காக எஞ்சின் கட்டுகிறாய். ஏதாவது கையில் கொண்டுவந்து காட்டினால்தான் இந்த வண்டிக்கு இந்த வீட்டில் இடம் என்று சொன்னவள் நான். இடையில் அவள் வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன். பழையதை நீ அனுப்பவில்லை, இனி தேவையும் இல்லை; இந்தப் பெட்டியில் பிஸ்டன் இருக்கிறது, உடைந்த துண்டோடு.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

லேட்டாயிடுச்சு. ஒரு வாரம் எழுதப் பிடிக்கல. "என் மருமக நாலாவது"ன்னு கடைக்கு வர்றவன்கிட்டயெல்லாம் சொல்லியிருக்கேன். டீக்கடையில சொல்லியிருக்கேன். முடி வெட்டறவர்கிட்ட சொல்லியிருக்கேன். இப்ப அவரு "அடுத்து மூணாவதா?"ன்னு கேக்கறாரு. என்னத்தைச் சொல்ல?

உன்னையும் நம்பாம, நானே ஒரு ஆளை விட்டு விசாரிச்சேன். உன் தம்பிதானே. அவனும் துடைப்பம்னுதான் சொன்னான்.

அப்புறம் ரெண்டு பிஸ்டனையும் பக்கத்துல வெச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். கோவம் போயிடுச்சு. எனக்கு என் மேலதான் எரிச்சல். நான் கட்டிக் கொடுத்தது முன்னாடி ஓடறதுக்கான எஞ்சின். உச்சத்துல கத்தற எஞ்சின், இறுக்கமான ஹெட், லேசான பிஸ்டன். அதை வெச்சுக்கிட்டு அவ நடை வேகத்துல, நின்னு நின்னு, ஊர் தூசியெல்லாம் தின்னுக்கிட்டு போயிருக்கா. போட்டி நாள் மட்டும் இல்ல, முந்தின நாள் வழி பார்க்கவும், மறுநாள் வழியில நட்ட கொடிகளைப் பொறுக்கவும்கூட அவதான் போறாளாம். ஞாயித்துக்கிழமைக் கணக்கு அங்கதான் உதைச்சிருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை பிஸ்டன் மாத்தினாலே ஜாஸ்தின்னு நான் நினைச்சது தப்பு. இது உழைக்கிற வண்டி.

இந்தப் பெட்டியில இருக்கறது வேற மாதிரி. அடிச்சு உருவாக்கின கெட்டி பிஸ்டன், பாவாடை தடியா இருக்கும், சீக்கிரம் விரிசல் விடாது. ஆனா சூட்டுல ஜாஸ்தி விரியும். அதனால நல்லா சூடாக்காம ஓட்டக்கூடாது. ஹெட்டைக் கடைஞ்சு இறுக்கத்தைக் குறைச்சிருக்கேன், மெதுவாப் போனாலும் திணறாம இழுக்கும். சிலிண்டருக்குப் புதுப் பூச்சு. ஃபில்டருக்கு மேல போடற மெல்லிசு உறை ஒரு கட்டு வெச்சிருக்கேன். தூசி அடைச்சா வழியிலேயே உரிச்சுப் போட்டுட்டு அடுத்ததை மாட்டிக்கலாம்.

எஞ்சினுக்கு அடியில, கிரேங்க் கேஸ்ல பழைய துண்டு ஏதாவது கிடந்தா எல்லாம் போச்சு, நல்லா அலசிப் பாருங்க.

நமக்குத் தெரியும்னு நீ சொல்லாத. நானும் சொல்ல மாட்டேன். முதல் கிக்லயே அவளுக்குத் தெரியும், காது என் காது.

தம்பி


மே 9

தம்பிக்கு,

கட்டுப் பிரித்தாயிற்று. கை கொஞ்சம் மெலிந்திருக்கிறது. இன்று மாலை பின்வாசலில் உட்கார்ந்து அவளே எஞ்சினைப் பூட்டினாள். நான் டார்ச் பிடித்தேன். கிரேங்க் கேஸை மூன்று முறை அலசச் சொன்னேன். மூன்றாவது முறை, "அம்மா, இது உன் லேப் இல்ல" என்றாள். பிஸ்டன் பின்னை மாட்டும்போது சின்னக் கிளிப் துள்ளி உள்ளே விழுந்துவிடாமல் இருக்க, எஞ்சினின் திறந்த வாயில் துணியை அடைத்தேன். அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிஸ்டன் தலையில் அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்கிறதா என்று நானும் ஒரு முறை பார்த்தேன்.

ஃபில்டர் உறைக் கட்டைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மாமா இதெல்லாம் எதுக்கு அனுப்பினார்?" என்றாள். தெரியாது என்றேன். நான் பொய் சொல்லும்போது இடது காதைத் தொடுவேன் என்று நீ சின்ன வயதில் சொல்வாய். கையில் டார்ச் இருந்ததால் தப்பித்தேன்.

நாளைக் காலை கிளப்பப் போகிறாள். உன் எஞ்சின் அவளிடம் பேசும் என்று நீ நம்புகிறாய். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சத்தம் மாறியிருக்கிறது என்று தெரியும், ஏன் என்று தெரியாது. அப்படியே தெரிந்தாலும் இன்னொரு நாலாவது, அஞ்சாவது சொல்லிச் சமாளிப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கடிதத்தை மூடாமல் வைக்கிறேன். நாளை நடப்பதை அப்படியே எழுதி அனுப்புகிறேன்.

மே 10

முதல் கிக்கில் கிளம்பவில்லை. மூன்றாவதில் கிளம்பியது. பழைய கத்தல் இல்லை, சத்தம் அடங்கி, கீழே இருந்து வந்தது. நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவள் லேசாக முறுக்கி, விட்டு, மறுபடி முறுக்கி, தலையைச் சாய்த்துக் கேட்டாள். நீ கேட்கும் அதே மாதிரி. எஞ்சின் சூடானதும் அணைத்தாள்.

புது பிஸ்டனுக்காகச் சூடாக்கி, முழுக்க ஆற விட்டு, மறுபடி சூடாக்க வேண்டும் என்று நீ எழுதியிருந்த சீட்டு அவளிடம் இருந்தது. ஆறும் வரை வேறு வேலை இல்லை. படியில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

இரண்டாவது முறை அணைத்ததும், "மாமா ஹெட்டை மாத்திட்டார்" என்றாள்.

"அப்படியா?"

"இது ரேஸ் எஞ்சின் இல்லம்மா. இதை வெச்சு எவனையும் முந்த முடியாது."

"முந்தணுமா?"

என்னைப் பார்த்தாள். நான் கொடியைப் பார்த்தேன். எஞ்சின் ஆறும்போது இரும்பு டிக் டிக் என்று சுருங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

மூன்றாவது முறை ஆறிக்கொண்டிருந்தபோது, "நான் நாலாவதா வரலம்மா" என்றாள்.

"தெரியும்."

"அஞ்சாவதாவும் வரல."

"அதுவும் தெரியும்."

"யாரு சொன்னா? விசில் மாமாவா?"

"முதல்ல சொன்னது பிஸ்டன்."

அவள் சிரிக்கவில்லை. மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "பின்னாடி வர்றதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. மாமாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள். மாமாவுக்குத் தெரியாமலா இந்த ஹெட்டைக் கடைந்தார் என்று கேட்டேன். அப்போதுதான் அழுதாள். கொஞ்ச நேரம்தான். எழுந்து முகம் கழுவ உள்ளே போனாள்.

அவள் போனதும் ஃபில்டரை வெளியே எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தேன். எண்ணெய் எல்லா இடத்திலும் சரியாகவே போட்டிருந்தாள்.

அக்கா